வானவன்மாதேவி ஈஸ்வரம்: பொலன்னறுவையில் நிலைத்த ஒரு பெயர்

பொலன்னறுவையின் தொல்பொருட் பிரதேசத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் ஒரு பெயர்ப்பலகை உண்டு. பபளு விஹாரைக்கு அப்பால், மரங்கள் சூழ்ந்த ஓரிடத்தில் தனியே நிற்கும் சிறிய கற்கோயிலின் பலகையில் 'சிவ தேவாலயம் இல. 2' என்று எழுதப்பட்டிருக்கும். பாடசாலைச் சுற்றுலாவில் அவ்வழியே சென்ற எம்மிற் பலர் அதைப் படித்திருப்போம். குறிப்புப் புத்தகத்தில் இலக்கத்தை எழுதிக்கொண்டு, கல்விஹாரையைப் பார்க்கும் அவசரத்தில் பஸ்ஸை நோக்கி ஓடியுமிருப்போம்.

அந்தக் கோயிலுக்கு இலக்கத்தைத் தவிர ஒரு பெயரும் உண்டு. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது அப்பெயர். அதை இட்டவர்கள் பிற்கால ஆய்வாளர்கள் அல்லர். கோயில் வழிபாட்டில் இருந்த காலத்திலேயே, அதன் கல்லிலேயே தமிழில் பொறிக்கப்பட்ட பெயர் அது. ஒரு சோழ அரசியின் பெயர்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட இந்துக் கோயில்களுள், அடி முதல் சிகரம் வரை இந்த அளவு முழுமையாக நிற்கும் வேறொன்றை எமது நாட்டில் காண்பது அரிது. எம்முடைய சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில் இக்கோயிலைப் பற்றி எழுதத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் பழமை மட்டுமன்று. கட்டடம் ஒன்று நிலைப்பதும் பெயர் ஒன்று நிலைப்பதும் வெவ்வேறு காரியங்கள். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்த இடம் இது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சோழர் வருகை

993 ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜராஜனின் படைகள் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றின. அப்போது அநுராதபுரத்தில் ஆட்சி செய்தவன் ஐந்தாம் மகிந்தன். படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல், அவர்களுடைய கலகத்துக்கு அஞ்சி அவன் முன்னதாகவே உறுகுணைக்கு ஓடிவிட்டான் என்று சூளவம்சம் கூறுகிறது. பல நூற்றாண்டுகள் தலைநகராக விளங்கிய அநுராதபுரம் சோழர் படையெடுப்போடு அந்த நிலையை இழந்தது. சோழர் தமது ஆட்சியின் தலைமையிடமாகப் பொலன்னறுவையைத் தேர்ந்தனர். உறுகுணையிலிருந்து மகாவலியைக் கடந்து வரும் படைகளைக் கண்காணிப்பதற்கு அது ஏற்ற இடம். குளங்களும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊருமாகும்.

புலைநரி என்று கல்வெட்டுக்கள் குறிக்கும் அந்த ஊருக்குச் சோழர் இட்ட பெயர் ஜனநாதமங்கலம். ஜனநாதன் என்பது இராஜராஜனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. கைப்பற்றிய நாட்டுக்கு மும்முடிச் சோழமண்டலம் என்று பெயரிட்டனர். இதுவும் அவனுடைய பட்டப்பெயரிலிருந்து பிறந்ததே. ஊர்களுக்கும் வளநாடுகளுக்கும் இவ்வாறு புதுப்பெயர் சூட்டுவது சோழராட்சியின் வழக்கம். நிலத்தை வென்றவர் அதன் பெயரையும் மாற்றினர்.

இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1017 ஆம் ஆண்டளவில் உறுகுணைக்குள் படை செலுத்தினான். மகிந்தனும் அவனுடைய பட்டத்தரசியும் பிடிபட்டனர். முடியும் அரச ஆபரணங்களும் சோழர் கைக்குச் சென்றன. மகிந்தன் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்து 1029 இல் அங்கேயே இறந்தான். சோழர் தாதுகர்ப்பங்களை உடைத்தனர், பொற்சிலைகளைக் கவர்ந்தனர் என்று சூளவம்சம் கடுமையாகக் குற்றஞ்சாட்டுகிறது. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியும் இவ்வெற்றியைப் பாடுகிறது. ஈழத்து அரசனின் முடியோடு ஈழத்து அரசியரின் முடியும் கொள்ளப்பட்டதை அது பெருமையாகச் சொல்கிறது.

இந்த வரலாற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. சோழர் கலையின் அழகைப் போற்றும்போது, அந்த ஆட்சி இந்நாட்டில் ஒரு படையெடுப்பின் வழியாகவே நிலைகொண்டது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுக்களில் ஈழத்துச் சில ஊர்களின் பெயர்கள் உள்ளன. அவ்வூர்கள் அக்கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப் பாலும் அனுப்ப வேண்டும் என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. இலுப்பைப் பால் என்பது விளக்கெரிக்கும் எண்ணெய். தஞ்சையில் எரிந்த விளக்குகளிற் சில ஈழத்து எண்ணெயில் எரிந்தன.

யார் இந்த வானவன்மாதேவி?

வானவன் என்பது சேர அரசரைக் குறிக்கும் சொல். வானவன்மாதேவி என்ற பெயரைச் சோழ அரச குடும்பத்துப் பெண்கள் ஒருவருக்கு மேற்பட்டோர் தாங்கியுள்ளனர். இராஜராஜனின் தாயும் அப்பெயருடையவரே. ஆயினும் பொலன்னறுவைக் கோயிலின் பெயர் இராஜராஜனின் தேவியும் இராஜேந்திரனின் தாயுமாகிய வானவன்மாதேவியைக் குறிப்பதாகவே ஆய்வாளர் பலர் கொள்வர். திரிபுவனமாதேவி என்றும் அவர் அழைக்கப்பட்டார். கோயில் இராஜேந்திரனின் ஆட்சிக்காலத்தில் (1014 - 1044) எழுந்திருக்கலாம் என்று கருதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் கோயில் விளங்குவது சோழநாட்டில் புதுமையன்று. கண்டராதித்த சோழனின் தேவி செம்பியன்மாதேவி இளவயதிலேயே கணவரை இழந்தவர். அவர் தமது நீண்ட வாழ்நாளில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டுவித்தார். இராஜராஜனின் தமக்கை குந்தவை தஞ்சைக் கோயிலுக்கு வழங்கிய கொடைகள் அக்கோயிலின் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. இராஜேந்திரன் தன் சிற்றன்னையரில் ஒருவரான பஞ்சவன்மாதேவியின் நினைவாக எடுத்த பஞ்சவன்மாதேவி ஈஸ்வரம் கும்பகோணத்தை அடுத்த பட்டீஸ்வரத்தில் இன்றும் உள்ளது. ஒருவர் பெயரோடு ஈஸ்வரம் என்பதைச் சேர்த்துக் கோயிலுக்குப் பெயரிடும் அதே வழக்கம்தான் பொலன்னறுவையிலும் தொடர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே போரில் இரண்டு அரச குடும்பத்துப் பெண்கள் வருகிறார்கள். ஒருவர் வென்றவனின் தாய். அவருடைய பெயர் கோயிலின் பெயராகி இன்றுவரை நிற்கிறது. மற்றவர் தோற்றவனின் தேவி. அவருடைய முடி பறிக்கப்பட்டதைப் பாடிய மெய்க்கீர்த்தி அவருடைய பெயரைச் சொல்லவில்லை. வரலாறு பெண்களின் பெயரை எப்போது எழுதுகிறது, எப்போது எழுதாமல் விடுகிறது என்று கேட்கப் பழகிய எமக்கு, இந்தக் கோயில் அந்தக் கேள்வியைக் கல்லிலேயே வைத்திருக்கிறது.

கோயிலின் அமைப்பு

வானவன்மாதேவி ஈஸ்வரம் பெரிய கோயிலன்று. தஞ்சைப் பெருங்கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமானது. இதன் விமானம் 30 அடியளவே. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் சிகரம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும். ஆனால் சோழர் கட்டடக் கலையின் இலக்கணம் முழுவதையும் இச்சிறு வடிவத்திற் படிக்கலாம். பெரிய கோயிலில் ஆயிரம் விவரங்களுக்குள் மறைந்துவிடுவது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

திராவிட விமானத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்லப்படும். கீழிருந்து மேலாக அவை அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கலசம் என்பன. மனித உடலோடு ஒப்பிட்டுப் பாதம், உடல், தோள், கழுத்து, தலை, முடி என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். அதிட்டானம் என்பது கோயிலைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் அடித்தளம். ஒன்றன்மேல் ஒன்றாக நீளும் பட்டைகளும் வளைவுகளுமாக அது அமையும். மழைநீரும் ஈரமும் சுவரைத் தொடாதபடி காப்பதும் அதன் வேலை.

அதன்மேல் கருவறையின் சுவர். சுவர் வெறும் பரப்பாக இல்லாதபடி இடையிடையே அரைத்தூண்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இவை பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்தவை அல்ல. சுவரின் கல்லிலேயே செதுக்கப்பட்ட தூண் வடிவங்கள். பழைய காலத்து மரக்கட்டடங்களில் உண்மையாகவே தூண்கள் இருந்த நினைவைக் கல்லில் காப்பாற்றுபவை. அரைத்தூண்களுக்கு இடையே மாடக்குழிகள் உள்ளன. கோட்டம் என்பது அவற்றின் பெயர். சோழநாட்டுச் சிவன் கோயில்களில் தெற்கே தட்சிணாமூர்த்தியும் வடக்கே துர்க்கையும் வீற்றிருக்கும் இடங்கள் இவ்வகைக் கோட்டங்களே. இங்கே அவை இன்று வெறுமையாக இருக்கின்றன. சிற்பங்கள் நிறைந்த கோயிலைத் தேடி வருபவருக்கு இக்கோயில் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். கட்டடத்தின் அளவையும் இசைவையும் பார்க்க வருபவருக்கு அவ்வாறு இராது.

சுவரின் முடிவில் வெளியே வளைந்து நீளும் கபோதத்தைக் காணலாம். ஓலைக்கூரையின் இறவாணம் மழைநீரைச் சுவரில் படாமல் வெளியே வடியச் செய்வதுபோல, இதுவும் செய்கிறது. அதில் குதிரைலாட வடிவில் சிறிய வளைவுகள் இருக்கும். கூடு என்று அவற்றைச் சொல்வர். அதற்கு மேலே தளங்கள் சிறுத்துச் சிறுத்து உயர்ந்து, குவிமாடம் போன்ற சிகரத்தில் முடிகின்றன.

இக்கோயிலைக் காப்பாற்றியது இந்த மேற்பகுதிதான். பொலன்னறுவையிலுள்ள பிற இந்துக் கோயில்கள் சிலவற்றில் சுவர் கல்லாலும் மேற்கட்டு செங்கல்லாலும் அமைந்தன. செங்கல்லின் இடுக்குகளில் விழும் ஆலம்விதை ஒன்று போதும். வேர் இறங்கினால் சில தலைமுறைகளுக்குள் கூரை சரிந்துவிடும். சிவ தேவாலயம் இல. 1 இன் சுவர்கள் மிக நேர்த்தியான கல்வேலை. கல்லோடு கல் பொருந்தும் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆயினும் அதன் செங்கல் மேற்கட்டு அழிந்துவிட்டது. வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் சிகரமோ கல். இவ்வகைக் கட்டடத்தில் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழுள்ள வரிசையைவிடச் சற்று உள்நோக்கி நீட்டி வைக்கப்படும். திறப்பு மெல்லமெல்லச் சுருங்கி இறுதியில் மூடப்படும். கற்களின் பாரமே அவற்றை இருந்த இடத்தில் இருத்துகிறது.

கோயிலின் முன்னும் சுற்றிலும் நந்தி உருவங்கள் உள்ளன. அவற்றிற் சில காலத்தாற் சிதைந்தவை. கருவறையில் லிங்கம் இருக்கிறது. அருங்காட்சிப் பொருளாக மட்டும் அல்லாமல், வருபவர் பூ வைத்து விளக்கேற்றி வணங்கும் மூர்த்தமாகவே இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே செல்லவேண்டும்.

கல்லில் உள்ள பெயர்

கோயிலிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களுள் முக்கியமானது அதிராஜேந்திரன் காலத்துச் சாசனம். கோயிலுக்குச் செய்யப்பட்ட கொடையைப் பதிவுசெய்யும் அச்சாசனத்தில்தான் இறைவனின் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரமுடையார் என்று வருகிறது. அதிராஜேந்திரனின் ஆட்சி மிகக் குறுகியது. 1070 ஆம் ஆண்டளவில் அது முடிந்தது. இலங்கையில் சோழராட்சி முடிந்ததும் அதே ஆண்டளவில்தான். ஆகவே இந்தப் பெயரை எமக்குத் தந்த எழுத்து, சோழர் இந்நாட்டை விட்டு நீங்கும் தறுவாயில் எழுதப்பட்டது.

கொடையாளர் தமது கொடையைக் கல்லில் வெட்டுவித்ததற்குக் காரணம் பெருமை மட்டுமன்று. சோழர் காலத்தில் கோயில் ஒன்றில் நந்தா விளக்கு எரிக்க விரும்புபவர் 96 ஆடுகளையோ அதற்கீடான காசையோ கோயிலிடம் ஒப்படைப்பார். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் குறிப்பிட்ட அளவு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் இறந்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று சாசனங்கள் அவற்றைச் சொல்வது இதனாலேயே. இந்த ஏற்பாடு சூரிய சந்திரர் உள்ளவரை நடக்கவேண்டும் என்று எழுதுவார்கள். கல்வெட்டு என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் எழுதும்போது கோயிலின் பெயரையும் ஊரின் பெயரையும் சரியாகக் குறிக்க வேண்டும். அந்தக் கணக்கு வழக்கின் நேர்மையினாலேயே வானவன்மாதேவியின் பெயர் எமக்குக் கிடைத்தது.

பெயர் இவ்வாறு கிடைக்காத கோயிலுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். சிவ தேவாலயம் இல. 1, பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'தலதா மாளிகை' என்றே அழைக்கப்பட்டது. அகழ்வுகளின் பின்னரே அது சிவன் கோயில் என்பது உறுதியாயிற்று. இன்றும் அதை ஓர் இலக்கத்தாலேயே அறிகிறோம். மறுபுறம் மாதோட்டத்தில், தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி எடுப்பித்த இராஜராஜேஸ்வரத்தின் கல்வெட்டு கிடைத்துக் கொழும்பு நூதனசாலையில் உள்ளது. கோயிலின் பெயர், கட்டியவர், கொடைகள், விழா ஏற்பாடுகள் எல்லாம் அதில் உண்டு. கோயிலோ இல்லை. ஓரிடத்தில் கட்டடம் இருந்து பெயர் இல்லை. மற்றோரிடத்தில் பெயர் இருந்து கட்டடம் இல்லை. இரண்டும் சேர்ந்து எஞ்சியிருப்பது வானவன்மாதேவி ஈஸ்வரத்தில்.

சோழர் போன பின்

1070 இல் முதலாம் விஜயபாகு சோழரைத் தோற்கடித்துப் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். ஊரின் பெயர் விஜயராஜபுரம் என்று மாறிற்று. பகைவரின் அரசி பெயரால் விளங்கிய கோயில் ஒன்று அவனுடைய தலைநகரிலேயே நின்றது. அதை இடித்துக் கற்களை வேறு வேலைக்கு எடுத்திருக்கலாம். உலகில் எத்தனையோ வெற்றியாளர் அதைத்தான் செய்தார்கள். இங்கே அது நடக்கவில்லை. கோயில் நிற்பதே அதற்குச் சான்று.

விஜயபாகுவின் ஆட்சியைப் பற்றிய வேறு சில தமிழ்ச் சாசனங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது இது தற்செயலாகத் தோன்றவில்லை. திருகோணமலை மாவட்டத்தின் பாலமோட்டைக் கல்வெட்டு விஜயபாகுவின் ஆட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கந்தளாயில் இருந்த தென்கயிலாசம் என்னும் சிவன் கோயிலுக்கு நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த கணவரின் நினைவாக வழங்கிய கொடையை அது கூறுகிறது. அக்கோயிலின் இன்னொரு பெயர் விஜயராஜ ஈஸ்வரம். சோழரை விரட்டிய பௌத்த மன்னனின் பெயரால் ஒரு சிவன் கோயில் விளங்கியிருக்கிறது. கொடை கொடுத்தவர் ஒரு பெண் என்பதும், அவருடைய பெயரும் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் எமக்கு மகிழ்ச்சி தரும் செய்திகள்.

பொலன்னறுவையிலேயே மற்றொரு தமிழ்ச் சாசனம் உண்டு. விஜயபாகு கட்டுவித்த புத்தரின் தந்ததாதுக் கோயிலின் பாதுகாப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதை அது பதிவுசெய்கிறது. புத்தரின் தந்ததாதுவைக் காப்போம் என்ற உறுதிமொழி தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. சோழராட்சிக் காலத்திலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விஹாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயருடன் பேணப்பட்டது. அங்கே தமிழர் வழங்கிய கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. பேராசிரியர்கள் கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் ஆகியோர் இத்தகைய தமிழ்ச் சாசனங்களை ஆராய்ந்து எழுதியவற்றைப் படிப்பவர்கள், அக்காலத்து இலங்கையை 'அவர்கள், நாங்கள்' என்ற இரண்டு கோடுகளால் பிரிக்க முடியாது என்பதை உணர்வார்கள். போர்கள் நடந்தன, கொள்ளையும் நடந்தது. ஆனால் அவை மட்டும் நடக்கவில்லை.

அம்மையாரின் தாளம்

பொலன்னறுவையில் பத்துக்கு மேற்பட்ட இந்துக் கோயில்களின் எச்சங்கள் இனங்காணப்பட்டுள்ளன. 1890 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தொல்பொருள் அளவைப் பகுதியின் முதல் ஆணையாளரான எச். சி. பி. பெல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு அகழ்வுகளை நடத்தினார். சிவ தேவாலயம் இல. 1 இல் நடராசர், அம்மன், நாயன்மார் ஆகியோரின் வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. ஆனந்த குமாரசுவாமி 1914 இல் வெளியிட்ட இலங்கை வெண்கலங்கள் பற்றிய நூலில் இவற்றுக்கு இடமளித்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பொலன்னறுவைப் படிமங்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1960 இல் மேலும் ஒரு தொகுதிப் படிமங்கள் கிடைத்தன.

இப்படிமங்களுள் காரைக்கால் அம்மையார் படிமத்தை எமது பழைய மாணவிகள் அவசியம் பார்க்க வேண்டும். எலும்பும் தோலுமாக, முதுமையின் வடிவில் அமர்ந்து, கையில் தாளம் ஏந்தியிருக்கிறார். அழகை வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுரு பெற்றவர் அவர். அந்தப் படிமத்தைச் செய்த கலைஞர் முகத்தில் துயரத்தை வைக்கவில்லை. பாட்டில் ஆழ்ந்த ஒரு பெண்ணின் நிறைவை வைத்திருக்கிறார்.

எப்படித் தப்பியது?

எமது நாட்டின் புகழ்பெற்ற சைவத் தலங்கள் பலவற்றின் பழைய கட்டடங்கள் இன்று இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621 இல் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டது. அதையடுத்துத் திருக்கோணேஸ்வரமும் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குச் சென்றன. திருக்கேதீஸ்வரத்தின் பழைய கோயிலும் அவர்கள் காலத்திலேயே அழிந்தது. துறைமுகங்களை அண்டிய, வழிபாடும் செல்வமும் நிறைந்த தலங்கள் அந்நியர் கண்ணில் முதலிற் பட்டன.

பொலன்னறுவை அப்போது காடு. 1215 இல் கலிங்க மாகனின் படையெடுப்பு, அதைத் தொடர்ந்த போர்கள், குளங்களின் சிதைவு ஆகியவற்றால் தலைநகர் தென்மேற்கு நோக்கி நகர்ந்தது. நகரத்தை மரங்கள் மூடின. கோயிலைப் பேண யாரும் இருக்கவில்லை. இடிக்கவும் யாரும் வரவில்லை. கல்லாலான சிகரம் வேர்களுக்கு ஈடுகொடுத்து நின்றது. கட்டியவரின் திறமை, பின்வந்த மன்னரின் பொறுமை, காட்டின் மறைப்பு, துப்புரவு செய்து காத்த தொல்பொருளாளரின் உழைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே இக்கோயிலை எம் கையில் தந்திருக்கின்றன. 1982 இல் பொலன்னறுவை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

பார்க்கப் போகும்போது

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எமது பழைய மாணவிகள் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வரும்போது பொலன்னறுவைக்கும் போவதுண்டு. வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். சாய்ந்து விழும் காலை வெயிலில் அரைத்தூண்களும் கபோதமும் தெளிவாகத் தெரியும். முதலில் கோயிலைச் சுற்றி வாருங்கள். கபோதத்தில் உள்ள கூடுகளைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கல்லில் பொறித்த எழுத்துக்களைத் தேடிப் பாருங்கள். க, ன, ம, வ போன்ற சில எழுத்துக்களையேனும் இன்றைய தமிழ் தெரிந்த பிள்ளை அடையாளங் காணும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்தில் ஒன்றைத் தன் வாயால் வாசித்த பிள்ளைக்கு வரலாறு பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் இருக்கிறது என்பது விளங்கும். எழுத்துக்களை விரலால் தேய்க்க விடாதீர்கள், கல் தேயும். பின்னர் சிவ தேவாலயம் இல. 1 ஐயும், வேளைக்காரர் சாசனத்தையும், தூபாராமையையும் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு வானவன்மாதேவியைப் பற்றியும், பெயர் எழுதப்படாத மகிந்தனின் தேவியைப் பற்றியும் சேர்த்தே சொல்லுங்கள்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் சங்கத்தின் நூறு ஆண்டுக் காலத் தலைவியர், செயலாளர்கள், பொருளாளர்களின் பெயர்ப் பட்டியல் அச்சாகிறது. அதைத் தொகுக்கும்போது சில ஆண்டுகளுக்குரிய இடங்கள் வெறுமையாகவே இருந்தன. இடப்பெயர்வுகளில் கூட்டக் குறிப்பேடுகள் தொலைந்துபோயின. அந்த ஆண்டுகளிலும் யாரோ தலைமை தாங்கினார்கள். யாரோ சந்தா சேர்த்தார்கள், மண்டபத்தைக் கூட்டித் துடைத்து விளக்கேற்றினார்கள். அவர்களை அறிந்தவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவிடம், பெரியம்மாவிடம், முதிய ஆசிரியையிடம் கேட்டு, தெரிந்த பெயரை ஆண்டோடு எழுதிச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். விளக்குக்குக் கொடுத்த கொடையை ஒழுங்காக எழுதி வைத்தார்கள் என்பதால்தான் ஒரு கோயிலின் பெயர் எமக்குத் தெரிகிறது. எங்கள் விளக்குகளை ஏற்றியவர்களின் பெயர்களை எழுதும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.